திங்கட்கிழமை மாடிப்படி

நீண்ட ஓட்டம் எப்படி அமைந்தது என்று ஞாயிற்றுக்கிழமையே கேட்பவர்களுக்கு நான் சரியான பதில் சொல்வதில்லை. அறுபதைத் தாண்டியவனுக்கு அது அன்றைக்குத் தெரியாது. ஓடி முடித்த பூரிப்பு, எலுமிச்சைச் சாறு, கூட ஓடியவர்களின் கைதட்டல் எல்லாம் சேர்ந்துகொண்டு உடம்பு தன்னைப் பற்றிக் கொஞ்சம் மிகையாகவே பேசும். திங்கட்கிழமை காலை மூன்றாவது மாடியிலிருந்து பால் வாங்கக் கீழே போகும்போதுதான் நிஜம் வெளியே வரும்.

ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்குவதுதான் சோதனை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நெடுந்தூரம் ஓடியதில் தசை நார்களில் விழுந்திருக்கும் நுண்ணிய கிழிசல்கள் எல்லாம் இந்த இரண்டாவது வேலையில்தான் பேச ஆரம்பிக்கும். வலி உச்சத்துக்கு வருவது ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான். ஓட்டக்காரர்களை மாரத்தானுக்கு மறுநாள் ரயில் நிலையப் படிக்கட்டில் பார்த்தால் தெரியும்: கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், நண்டு நடையில் இறங்குவார்கள்.

இந்தத் திங்கள் நான் கைப்பிடியைத் தொடவில்லை. பால் பையோடு திரும்பி வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்து பார்த்தேன். எழ முடிந்தது. இவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, காலங்காத்தால தோப்புக்கரணமா?" என்றாள்.

*

ஓடியது 30 கிலோமீட்டர். கார்த்திகையின் கடைசி ஞாயிறு. முந்தின நாட்களில் பெய்த மழை அன்று விட்டிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான். அதற்கு மூன்று வாரம் முன்னால் வருகிற இந்த ஞாயிறைத்தான் பெரும்பாலோர் கடைசிப் பெரிய ஓட்டத்துக்கு ஒதுக்குவார்கள். இதற்குப் பிறகு ஓடுகிற நெடுந்தூரம் உடம்பில் சேர நேரமில்லை, அசதி மட்டும் சேரும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் நாலு மணிக்குக் கிளம்பினோம். திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போய், உத்தண்டிப் பக்கம் வாட்ச் 15 காட்டும் இடத்தில் திரும்புவது என்று ஏற்பாடு. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். இளைஞர்கள் இதை ஓட்டம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டர், பயிற்சியில் மட்டும் ஏன் 30-ல் நிறுத்துகிறீர்கள் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பதுண்டு. தசையிலும் ஈரலிலும் சேர்த்து நாம் சேமிக்கிற மாவுச்சத்து 400, 500 கிராம் அளவுதான். சுமார் 2,000 கலோரி. அது தீர்ந்துபோகிற இடம் பலருக்கும் 30-லிருந்து 35-க்குள் வரும். அந்த வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பயிற்சி. உள்ளே போவது பந்தய நாளுக்கு. அமெரிக்காவில் ஹால் ஹிக்டன் வகுத்த அட்டவணைகள் புதியவர்களை 20 மைல் வரை, அதாவது 32 கிலோமீட்டர் வரை, கூட்டிப்போகின்றன. ஹான்சன் சகோதரர்களின் முறை 16 மைலிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டு பக்கமும் பந்தயத்தை முடித்தவர்கள் ஏராளம். என் போன்றவர்களுக்குத் தூரத்தைவிட நேரம்தான் கணக்கு. 30 கிலோமீட்டரை இரண்டரை மணியில் முடிக்கிறவனும் நாலு மணி நேரம் காலில் நிற்கிறவனும் ஒரே ஓட்டத்தை ஓடவில்லை. என்னுடையது நீளமானது. இதை எந்த அட்டவணையும் எனக்காக எழுதிவைக்கவில்லை.

*

கைக்கடிகாரம் என் இதயத்தின் உச்சத் துடிப்பை 157 என்று வைத்திருந்தது. 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு. 2001-ல் டனாகாவும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வேறொரு கணக்கைச் சொன்னார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-லிருந்து கழிக்க வேண்டும். அதன்படி எனக்கு 164. ஒரே இரவில் ஏழு துடிப்பு இளமை. இரண்டுமே சராசரிதான், தனி ஆளுக்கு இப்படியும் அப்படியும் பத்துத் துடிப்பு மாறலாம். ஆனாலும் அந்த ஏழு துடிப்பை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வயதானவனுக்குச் சலுகையாக எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

உச்சத் துடிப்பு பயிற்சியால் கூடுவதில்லை. அது வருஷா வருஷம் இறங்கும், இறங்கட்டும். ஆனால் வயதோடு முதலில் மெலிவது வேகத்துக்கான தசை நார்கள். நெடுநேரம் தாங்குகிற மெது நார்கள் அதிக நாள் கூட இருக்கின்றன. நூறு மீட்டர் ஓட்டத்தில் தாத்தாக்கள் பேரன்களிடம் தோற்பது நிச்சயம். மாரத்தானில் 35-வது கிலோமீட்டரில் நடந்துகொண்டிருக்கும் பேரன்களைத் தாத்தாக்கள் கடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். கடந்து போயும் இருக்கிறேன், அதையும் சொல்லிவிடலாம்.

*

பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்பதுதான் நீண்ட ஓட்டத்துக்கு எங்கள் குழுவில் ஒரே விதி. இதற்கு ஒரு நல்ல கதை உண்டு.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் 800 மீட்டர் தங்கமும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கமும் வென்றவர். 800 மீட்டர் ஓடுகிறவனைக்கூட ஆக்லாந்து மலைச்சாலையில் 22 மைல் ஓடவிட்டவர் லிடியார்ட். அவரே பிற்பாடு, இதய நோய் கண்டவர்களையும் தொப்பை போட்ட நடுவயதுக்காரர்களையும் ஞாயிற்றுக்கிழமை தோறும் மெதுவாக ஓட வைத்தார். 1962-ன் கடைசியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போனார். பின்னாளில் நைக்கி என்று பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்போது வயது 51. தன்னைத் திடகாத்திரமானவர் என்று நம்பியிருந்தார். வாருங்கள், நாமும் ஓடுவோம் என்று லிடியார்ட் கூப்பிட்டார். கொஞ்ச தூரத்திலேயே பவர்மேனுக்கு மூச்சு வாங்க, கூட்டம் முன்னால் போய்விட்டது. எழுபது கடந்த, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு முதியவர் மட்டும் பின்தங்கி, அவர் பக்கத்திலேயே பேசிக்கொண்டு ஓடினார். பவர்மேனால் பதில் பேசக்கூட முடியவில்லை. ஊர் திரும்பியவர் மெது ஓட்ட வகுப்பு நடத்தினார், 1967-ல் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். உலகம் முழுக்கக் காலையில் ஆட்கள் மெதுவாக ஓட ஆரம்பித்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு.

எனக்கு இதில் பிடித்தது பவர்மேன் அல்ல, அந்த முதியவர்தான். அவர் ஊக்கம் ஊட்டும் வார்த்தை ஏதும் சொன்னதாகக் கதையில் இல்லை. வெறுமனே பேசிக்கொண்டிருந்தார். ஊரைப் பற்றி, மரங்களைப் பற்றிப் பேசியிருப்பார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

*

ஊக்கம் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. வயதான ஓட்டக்காரனுக்குச் சாலையில் கிடைக்கும் பாராட்டு அளவுக்கு மீறியது. "சூப்பர் அங்கிள்!" "உங்களைப் பாத்தா ஒரு இன்ஸ்பிரேஷனா இருக்கு சார்!" நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், நானும் கை உயர்த்துகிறேன். ஆனால் அன்று நீலாங்கரை தாண்டி ஒரு பெண் பின்னாலிருந்து வந்தாள். மூச்சு சீராக இருந்தது, தலைமுடியை உயரக் கட்டியிருந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனாள். சாலையில் ஓடும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். அன்றைய பாராட்டுகளில் உயர்ந்தது அதுதான் என்று எனக்குப் பட்டது.

பாலவாக்கத்து டீக்கடைக்காரர் வேறு மாதிரி. போகும்போது, "பெரியவரே, பஸ்ஸு வரும்ல, ஏன் ஓடறீங்க?" என்று கேட்டார். திரும்பும்போது அதே ஆள், "இன்னும் வரலியா பஸ்ஸு?" என்றார். ஒரு நிமிடம் நின்று சிரித்துவிட்டுத்தான் போனேன்.

*

முதல் இருபது கிலோமீட்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருட்டு, தேங்கிய மழைநீர், தெரு விளக்கு, நாய்கள். கூட வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் மகளுக்கு வரன் பார்க்கும் கதையை மத்திய கைலாஷிலிருந்து மன்னார்குடி வரை கொண்டு போனார். உத்தண்டியில் திரும்பும்போது ஆறு மணி சுமார்.

திரும்பியதும் காற்று முகத்துக்கு வந்துவிட்டது. இந்த மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும். போகும்போது முதுகில் இருந்த காற்றை யாரும் கவனிக்கவில்லை, நம் கால்தான் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கரை வரும்போது வெளிச்சம் வந்தது. ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம் ஓவியர் கிராமம் தாண்டும்போது வலது கன்னத்தில் வெயில் பட்டது. இடது கன்னம் இன்னும் ஈரமாகவே இருந்தது. கடல் பக்கத்து வீடுகளின் நிழல் சாலையில் விழும் இடங்களாகப் பார்த்து ஓடினோம். நிழலில் நுழையும்போதெல்லாம் ஒரு மூச்சு இலகுவாகும், வெளியே வந்தால் மறுபடி பனியன் ஒட்டும். டிசம்பரிலும் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு வியர்வை காய வழியில்லை. வழிந்து ஷூவுக்குள் இறங்குகிறது. இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் இரண்டு ஷூவும் சதக் சதக் என்றன.

வயது ஏற ஏறத் தாகம் தாமதமாகத்தான் சொல்லும். அதனால் தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்பிக் குடிக்கிறேன். இருபது நிமிடத்துக்கு நாலைந்து மடக்கு, உப்புக் கரைசல் ஒரு பாட்டில், வெறும் தண்ணீர் ஒரு பாட்டில். அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுந்தவர்களும் மாரத்தான்களில் உண்டு, ஆகவே பயந்துபோய்க் குடிப்பதும் கூடாது. சாப்பிடுவதற்குக் கொட்டை நீக்கிய பேரீச்சை. கடலை மிட்டாயும் வைத்திருந்தேன். வாய் உலர்ந்திருக்கும்போது அதைக் கடித்தால் வேர்க்கடலைத் துகள் தொண்டையில் நின்றுகொண்டு பத்து நிமிடம் இருமவைக்கும். ஜெல் பாக்கெட்டுகளை இளைஞர்கள் சிபாரிசு செய்கிறார்கள். அந்த இனிப்பு எனக்கு ஆகவில்லை.

*

இருபத்தைந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு நான் வழக்கமாகக் காதைத் தீட்டிக்கொள்வேன்.

களைப்பு எனக்கு முதலில் வலியாக வருவதில்லை, ஒலியாக வரும். வலது கால் பூமியை விட்டு முழுதாக எழும்பாமல், முன்பக்கம் தரையில் லேசாக உரசும். தப், தப் என்று இருந்தது தப், சரக், தப், சரக் என்று ஆகும். இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் சோர்ந்துவிட்டன என்று அர்த்தம். அதன் பிறகு தோள் மேலே ஏறும், முழங்கை உடம்போடு ஒட்டும், முகம் தரையைப் பார்க்கும். போன வருஷம் இதே ஓட்டத்தில், இதே கொட்டிவாக்கத்தில், அந்தச் சரக் வந்துவிட்டது. பந்தயத்தில் அது இன்னும் முன்னாலேயே வந்தது.

இந்த முறை கேட்டுக்கொண்டே ஓடினேன். ஒரு மீன்பாடி வண்டி கடந்தது, அதன் சத்தம் அடங்கியதும் மறுபடி கேட்டேன். தண்ணீர் லாரி ஒன்று கடந்தது. மறுபடி கேட்டேன். தப், தப். வங்கிக்காரர் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன், முழு வாக்கியமாக வந்தது. இருபத்தாறு, இருபத்தேழு. திருவான்மியூரில் சிக்னலுக்கு நின்று, நின்ற பிறகு மறுபடி ஓட ஆரம்பிக்கும் அந்த முதல் பத்து அடி இருக்கிறதே, அங்கே கால் மரக்கட்டையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் இருந்தது, பத்தாவது அடியில் விட்டுவிட்டது. இருபத்தெட்டு.

ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் அன்றைய செய்தி. கடைசி இரண்டு கிலோமீட்டரில் வேகம் கூட்டலாமா என்று ஒரு எண்ணம் எழுந்தது. கூட்டவில்லை. முப்பதாவது கிலோமீட்டரும் முதல் கிலோமீட்டரும் சில விநாடி வித்தியாசத்தில் இருந்தன. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தபோது மணலோடு கலங்கிய தண்ணீர் ஒழுகியது.

*

இப்படி ஒரு ஓட்டம் வாய்த்தால் அதன் மேல் ஒரு வீடு கட்டத் தோன்றும். போன வருஷத்தைவிட இருபது நிமிடம் குறையுமா, முப்பது குறையுமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். குளிக்கும்போதே கணக்கு, இட்லி சாப்பிடும்போதும் கணக்கு.

எட் விட்லாக்கை நினைத்துக்கொள்கிறேன். லண்டனில் 1931-ல் பிறந்து கனடாவில் குடியேறிய பொறியாளர். 2003-ல் டொராண்டோவில், 72 வயதில், மாரத்தானை 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் ஓடினார். எழுபதுக்கு மேற்பட்ட ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் முடித்தது அதுவே முதல் முறை. அடுத்த வருஷம் 2:54:48. 85 வயதில், 2016-ல், 3:56:34. அடுத்த மார்ச்சில் காலமானார். பயிற்சி எல்லாம் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான். ஒரே சின்னச் சுற்றைத் திரும்பத் திரும்ப, நாளுக்கு மூன்று மணி நேரம்கூட, மெல்லடி வைத்து ஓடுவார். பழைய ஷூ. பயிற்சி தனக்கு இன்பம் தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். பந்தயமும் அதில் போடும் நேரமும்தான் அவருக்கு வேண்டியிருந்தன.

இந்த இடத்தில் நான் அவரிடமிருந்து பிரிகிறேன். எனக்கு அந்த ஞாயிறு பந்தயத்துக்குக் கொடுத்த முன்பணம் அல்ல. ஜனவரியில் வயிறு கெட்டாலும், முந்தின இரவு தூங்காமல் போனாலும், அந்த நாலு மணி நேரம் நடந்தது நடந்ததுதான். ஆனால் விட்லாக்கிடம் ஒன்றைக் கடன் வாங்கலாம்: இன்றைய ஓட்டம் நன்றாக இருந்ததா என்று அவர் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் மறுபடி அதே தோட்டத்தில் இருந்தார்.

ஃபௌஜா சிங்கும் இருந்தார். பாஸ்போர்ட்டின்படி அவரும் பவர்மேனைப் போல 1911-ல் பிறந்தவர். 2000-ல் லண்டன் மாரத்தான் ஓடும்போது 89, 2011-ல் டொராண்டோவில் 100. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அந்த வயதை ஏற்கவில்லை. கிராமத்தில் பிறந்த நம் தாத்தாக்களில் யாரிடம் அந்தக் காகிதம் இருந்தது?

*

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது, கோலம் போடுகிற வாளிச் சத்தம் தெருவில் கேட்கிறது. ஓடுவதற்கு வருஷத்திலேயே நல்ல காலைகள் இவைதான். குறைக்க வேண்டிய வாரங்களும் இவைதான். ஓட்டக்காரர்கள் டேப்பர் என்று சொல்லும் இந்தக் குறைப்பு இளைஞர்களுக்கு இரண்டு வாரம் போதும். எனக்கு மூன்றும் வேண்டும். தூரம் பாதியாகிறது, பசி பாதியாகவில்லை. உடம்பு சேமிக்கிற ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் மூன்று கிராம் தண்ணீரும் சேரும் என்பதால் எடை ஒரு கிலோ ஏறிக் காட்டுகிறது. இவள் ஒன்றும் சொல்லவில்லை, பொங்கலில் நெய்யை மட்டும் குறைத்துவிட்டாள்.

ஓடாத நாட்களில் இல்லாத வலிகள் வருகின்றன. குதிகாலில் ஒன்று, நேற்று முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, இன்று காலை பல்லில். இவற்றில் எது நிஜம் என்று பார்க்க ஒரு பத்து கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாமா என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஆபத்து. நல்ல ஓட்டம் வாய்க்காதவன் பயத்தில் ஓய்வெடுப்பான். நல்ல ஓட்டம் வாய்த்தவனுக்குத்தான் அது நிஜம்தானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ள ஆசை வரும். என் வயதில் நம்பிக்கையை இரண்டு தரம் சோதித்தால் இரண்டாவது தரம் தசைநாரில் போய் நிற்கும்.

*

வங்கிக்காரர் நேற்றிரவு கூப்பிட்டார்.

"சார், ஞாயித்துக்கிழம நம்ம பசங்க மறுபடி முப்பத்திரண்டு போறாங்களாம். அன்னிக்கு உங்க கால் இருந்த நெலமைக்கு நீங்க அசால்ட்டா போய்ட்டு வரலாம். வரீங்களா?"

"பன்னிரண்டுன்னா வரேன்."

"பன்னிரண்டா? அதுக்கு ஷூ மாட்டறதே தண்டம் சார்."

"அப்ப நீங்க போய்ட்டு வாங்க. வரன் விஷயம் என்னாச்சு?"

முக்கால் மணி நேரம் சொன்னார். மன்னார்குடி தட்டிப்போய்விட்டது, இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு இடம். பையன் பெங்களூரில் வேலை, அவனும் ஓடுவானாம், அரை மாரத்தான் ஒன்றே முக்கால் மணியாம். அதில்தான் இவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிற மாதிரி தெரிந்தது. கடைசியில் பன்னிரண்டுக்குச் சம்மதித்துவிட்டார். ஐந்து மணிக்கு, பெசன்ட் நகரிலிருந்து, நீலாங்கரைக்கு முன்னாலேயே திரும்பல்.